சேராத கடிதங்கள்

விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்கள் நினைவிலிருக்கும். திருப்பலியும் மதிய உணவும் முடிந்தபின், படிப்புக்கூடத்தில் வரிசையாக அமர்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதும் நேரம் அது. நான் படித்த விடுதியில், நீலநிற இன்லண்டு கடிதத்தை ஒட்டாமல்தான் காப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துப் பார்த்து, ஒட்டி, அஞ்சலில் சேர்ப்பார். எழுத்துப் பிழை திருத்துவதற்காக என்றார்கள், நாங்களும் நம்பினோம். 'நான் நலம். உணவு நன்றாக இருக்கிறது. தவறாமல் செபிக்கிறேன்' என்று வாரந்தோறும் எழுதினோம். எங்கள் காப்பாளர் நல்லவர். எங்களுக்கு எத்தீங்கும் நேரவில்லை. ஆயினும், நேர்ந்திருந்தால் அதை வீட்டுக்குத் தெரிவிக்க எங்களுக்கு ஒரு வழி இருந்ததா? இந்தக் கேள்வி எனக்குத் தோன்ற ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. தோன்றச் செய்தது ஓர் ஆவணப்படம்.

ஸ்காட் சோலாரி, லூசி வெஸ்ட்ஃபால் ஆகிய இருவரும் இயக்கி 2008-இல் வெளிவந்த 'ஆல் காட்ஸ் சில்ட்ரன்' என்பது அதன் பெயர். 'கடவுளின் பிள்ளைகள் அனைவரும்' என்று தமிழில் சொல்லலாம். மேற்கு ஆப்பிரிக்காவில், கினி நாட்டின் மாமூ என்னும் ஊரில், அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்டியன் அண்டு மிஷனரி அலையன்ஸ் என்ற புராட்டஸ்டண்டு சபை ஒரு விடுதிப் பள்ளியை நடத்தி வந்தது. அப்பகுதியின் பல நாடுகளில் நற்செய்தி அறிவிக்கச் சென்ற பணியாளர்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளி அது. பிள்ளைகள் ஆறு வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து அங்கு அனுப்பப்பட்டனர். ஆண்டில் ஏறத்தாழ ஒன்பது மாதம் அங்கேயே தங்கினர். பள்ளி 1971-இல் மூடப்பட்டது. அங்கு வளர்ந்த பிள்ளைகள் பலர் அடி, அவமானம், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்னும் செய்தி, பல ஆண்டுகளுக்குப் பின்னரே வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர்களுள் மூன்று குடும்பங்களைப் படம் நம்முன் அமர்த்துகிறது.

அவர்களும் கடிதம் எழுதினார்கள். அக்கடிதங்களையும் பணியாளர்கள் படித்தார்கள். துயரத்தைச் சொல்லும் வரி எதுவும் பெற்றோரை எட்டவில்லை. அதைவிடக் கனமான பூட்டு ஒன்றும் அப்பிள்ளைகளின் வாயில் போடப்பட்டிருந்தது. 'நீ குறை சொன்னால் உன் தாய் தந்தையின் இறைப்பணி கெட்டுவிடும். அவர்கள் மனம் திருப்ப வந்த ஆப்பிரிக்க மக்கள் மீட்பை இழப்பார்கள்' என்னும் பொருளில் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஏழு வயதுக் குழந்தையின் தோளில் ஒரு கண்டத்தின் மீட்பையே ஏற்றி வைத்தார்கள். இதற்குப்பின் கடிதத்தைத் தணிக்கை செய்யவும் தேவையில்லை. குழந்தையே தன்னைத் தணிக்கை செய்துகொள்ளும்.

படத்தின் சிறப்பாக நான் கருதுவது, அது பெற்றோரையும் பேச வைத்திருப்பதே. இத்தகைய படைப்புகள் பெரும்பாலும் இருவரை மட்டுமே நிறுத்துகின்றன: ஒருபுறம் கொடியவர், மறுபுறம் பாதிக்கப்பட்டவர். இடையிலே நின்ற நல்லவர்களை அவை மறந்துவிடுகின்றன. இங்கோ, கடவுளுக்காகத் தம் பிள்ளைகளையே பிரிந்திருந்த முதியவர்கள், தாம் செய்த தியாகத்தின் விலையை யார் செலுத்தினார்கள் என்பதை முதுமையில் அறிந்துகொள்கிறார்கள். ஆபிரகாம் ஈசாக்கை மலைக்கு அழைத்துச் சென்ற நிகழ்ச்சியை நாம் நம்பிக்கையின் உச்சமாகப் போற்றுகிறோம். ஆனால் அம்மலையில் இறைவன் அக்கரத்தைத் தடுத்தார் என்பதன்றோ அதன் முடிவு? தடுத்த குரலை விட்டுவிட்டு, கத்தியை மட்டும் பக்தி என்று எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதையே மாமூவின் பெற்றோர் சொல்லாமல் சொல்கிறார்கள்.

வளர்ந்துவிட்ட அப்பிள்ளைகள் 1980-களின் இறுதியிலிருந்து சபைத் தலைமையை நாடினர். தலைமை உடனே செவிசாய்க்கவில்லை. நெடுநாள் போராட்டத்துக்குப் பின்னரே தற்சார்புள்ள ஆய்வுக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது 1997-இல் தன் அறிக்கையை முடித்தது. வன்கொடுமைகள் நிகழ்ந்தன என்று உறுதி செய்தது. சபை மன்னிப்புக் கேட்டது. ஒரு மறைபணி அமைப்பு தன் வீட்டுக் கணக்கை வெளியாரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்ன தொடக்ககால முன்மாதிரிகளுள் இதுவும் ஒன்று. பின்னர், 2010-இல், செனெகல் நாட்டில் நியூ டிரைப்ஸ் மிஷன் நடத்திய ஃபாண்டா விடுதிப் பள்ளியைப் பற்றிக் 'கிரேஸ்' என்னும் தனி அமைப்பு ஆய்ந்து அறிக்கை அளித்தது. நாடு வேறு, சபை வேறு. ஆனால் தொலைவிலிருந்த பெற்றோர், கேள்வி கேட்கப்படாத காப்பாளர், பணிக்கு இடையூறு ஆகிவிடக்கூடாதே என்ற அச்சம் ஆகிய மூன்றும் அங்கும் இருந்தன.

படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அது மிஷனரிகளின் பிள்ளைகளைப் பற்றிய படம், அவ்வளவில் நேர்மையானது. எனினும், வெள்ளைக்காரப் பணியாளரின் பிள்ளைக்கே குரல் இல்லாதிருந்த இடத்தில், அவ்வூர்ச் சிறுவர்களின் நிலை என்ன என்ற வினா அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. நற்செய்தியைப் பெற்றுக்கொண்ட மக்களின் வழிவந்த நமக்கு அந்த வினா முக்கியமானது. அமெரிக்காவில் வழக்கறிஞரை நாடவும் படமெடுக்கவும் வழியுள்ளவர்களுக்கே பல்லாண்டுகள் பிடித்தன என்றால், கல்விக்கும் உணவுக்கும் மறைபணி இல்லத்தையே நம்பியிருக்கும் ஏழைச் சிறுமிக்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கும்?

இனி, படத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டிய ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். பங்களாதேசத்தில் அமெரிக்க பாப்டிஸ்டு மறைபணிச் சங்கம் ஒன்று நடத்திய மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், சகபணியாளரின் மகளிடம் பாலியல் வன்கொடுமை புரிந்தார். 1989-இல் அது வெளிப்பட்டபோது சிறுமிக்கு வயது 14. சங்கத்தின் பொறுப்பாளர்கள் அவளிடம் பெற்றோர் உடனில்லாத நிலையில் கேள்விகள் கேட்டனர். பின்னர் ஒரு காகிதத்தில் அவளுடைய கையெழுத்தை வாங்கினர். அது முறையீடு அன்று, பாவ ஒப்புதல். நடந்ததில் தனக்கும் பங்குண்டு என்று சிறுமியே ஒப்புக்கொள்வதாக அது எழுதப்பட்டிருந்தது. மருத்துவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அங்கே தம் தொழிலைத் தொடர்ந்தார். 2011-இல் இவ்வழக்கு பலரறிய வெளிவந்தபின், சங்கம் கிரேஸ் அமைப்பை ஆய்வுக்கு அமர்த்தியது. அறிக்கை முடியும் தறுவாயில், 2013-இல், அவ்வமைப்பை விலக்கியது. வேறொரு நிறுவனம் மேற்கொண்ட ஆய்வின் அறிக்கை 2016-இல்தான் வெளிவந்தது. அம்மருத்துவரின் தவறான நடத்தையைப் பற்றித் தலைமை முன்பே அறிந்திருந்தது என்பதையும், சிறுமியை நடத்திய முறை எவ்வளவு கொடியது என்பதையும் அது மறைக்காமல் எழுதியது.

இலக்கியம் பயில்வோர் அந்தக் காகிதத்தை ஒரு பனுவலாகவே படித்துப் பார்க்க வேண்டும். அதில் 'வன்கொடுமை' என்ற பொருளில் ஒரு சொல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் 'உறவு' என்ற பொருளுள்ள சொல் அமர்ந்தது. 'குற்றம்' இருக்கவேண்டிய இடத்தைப் 'பாவம்' பிடித்தது. குற்றத்துக்கு விசாரணையும் தண்டனையும் உண்டு; பாவத்துக்கோ மனவருத்தமும் மன்னிப்பும் போதும். மேலும், குற்றத்தில் ஒருவர் இழைத்தவர், மற்றவர் இழைக்கப்பட்டவர். பாவத்தில் இருவரையும் ஒரே வரிசையில் முழந்தாளிடச் செய்ய முடியும். இச்சொல்மாற்றத்தைச் செய்தவர்கள் கயவர்களல்லர்; செபிக்கும் மனிதர்கள். தங்கள் கையில் இருந்த சமயச் சொற்களைக் கொண்டே ஒரு குழந்தையை இரண்டாம் முறை காயப்படுத்தினார்கள். இதுவே நம்மை நடுங்கச் செய்யவேண்டிய செய்தி.

இத்தகைய சொற்கள் நம்மிடையேயும் உண்டு. 'இடறல்' என்கிறோம். சிறியோருக்கு இடறலாய் இருப்பவனைப் பற்றி ஆண்டவர் எந்திரக்கல்லைச் சொல்லி எச்சரித்தார். ஆனால் வழக்கில் அச்சொல் திசைமாறிவிட்டது; குழந்தைக்கு நேர்ந்தது இடறலன்று, அது நாலுபேர் அறியச் சொல்லப்படுவதே இடறல் என்றாகிவிட்டது. 'மன்னிப்பு' என்கிறோம். தீங்கிழைத்தவன் தேடிப் பெறவேண்டிய அதனைத் தீங்குற்ற குழந்தையின் கடமையாக்கி, 'நீ இன்னும் மன்னிக்கவில்லையா?' என்று அதனிடமே கேட்கிறோம். 'சபையின் மானம்' என்கிறோம். மானம் என்பது மறைத்துக் காப்பதன்று, மாசற்றிருந்து காப்பது என்று தமிழன் அறிவான். திருச்சபையின் வாசலில் நுழைந்ததும் அதை ஏன் மறந்தோம்?

'இவையெல்லாம் பிரிவினை சபைகளின் கதை' என்று எந்தக் கத்தோலிக்கரும் நிம்மதியாக இப்பக்கத்தைப் புரட்டிவிட முடியாது. அயர்லாந்தில் நம் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் பிள்ளைகள் பட்டதை 2009-இல் வெளிவந்த ரையன் அறிக்கை சொல்லிற்று. பிரான்சு நாட்டு ஆயர்களும் துறவியரும் தாமே கேட்டு அமைத்த ஆய்வுக்குழு, 1950 முதல் 2020 வரை அந்நாட்டில் அருள்பணியாளராலும் துறவியராலும் பாதிக்கப்பட்ட சிறார் ஏறத்தாழ 2,16,000 பேர் என்று 2021-இல் மதிப்பிட்டது. இந்த எண்களைப் படிக்கும்போது நம் உள்ளம் எதிர்க்கிறது. எனக்கும் எழுத்தறிவித்தவர்கள் அருட்சகோதரியரே. என்னைப் போன்றோர் பல்லாயிரவர். அந்த நன்றி உண்மையானது; அதை எவரும் விடவேண்டியதில்லை. ஆயின், நமக்குக் கிடைத்த நன்மை இன்னொருவருக்கு நேர்ந்த தீமைக்கு எதிர்ச்சான்று ஆகாது.

திருமறை நூலில் இதற்கு இரண்டு ஆடிகள் உள்ளன. ஒன்று, தாவீதின் மகள் தாமாரின் வரலாறு. தன் உடன்பிறந்தான் அம்னோனால் சீரழிக்கப்பட்டவளிடம், அவன் உன் சகோதரன், பேசாதே, இதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே என்கிறான் அப்சலோம். தாவீது கேள்விப்படுகிறார், கடுஞ்சினம் கொள்கிறார், ஒன்றும் செய்யவில்லை. தாமார் அண்ணனின் வீட்டில் பாழடைந்தவளாய்த் தங்கிவிடுகிறாள். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அந்த அமைதி கொலையாக வெடித்து அரசையே பிளந்தது. தவறிய பணியாளருக்குப் பரிந்துபேசுவோர், தாவீதும் பாவம் செய்து மன்னிப்புப் பெறவில்லையா என்று கேட்பதுண்டு. பெற்றார். ஆனால் அதே தாவீது சினத்தோடு நிறுத்திக்கொண்டதால் அழிந்த மகளைப் பற்றியும் அவர்கள் பேசட்டும்.

மற்றொன்று, தானியேல் நூலில் வரும் சூசன்னா. புராட்டஸ்டண்டு சபையார் அதைத் தம் விவிலியத்தில் சேர்ப்பதில்லை. நாமோ தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று திருப்பலியிலேயே வாசிக்கிறோம். குற்றம்புரிய முயன்றவர்கள் மூப்பர்கள், நடுவர்கள். மூப்பர் சொன்னதாலேயே மக்கள்கூட்டம் நம்பிவிட்டது. தானியேல் வந்து உருக்கமாக மறையுரை ஆற்றவில்லை. ஒரு நடைமுறையைப் புகுத்தினார். இருவரையும் பிரித்து வைத்துத் தனித்தனியே கேட்டார். மாற்றிச் சொன்னார்கள்; பொய் வெளிப்பட்டது. உண்மையைக் காத்தது உணர்ச்சியன்று, முறை. இன்று 'சிறார் பாதுகாப்பு விதிமுறை' என்று நாம் அழைப்பது, தானியேலின் அந்த இரண்டு கேள்விகளை எழுதி வைத்ததே அன்றி வேறன்று.

நமக்கும் விதிமுறைகள் இல்லாமல் இல்லை. திருத்தந்தை பிரான்சிசு 2019 மே மாதத்தில் வெளியிட்டு, 2023 மார்ச்சில் திருத்தி நிலைப்படுத்திய 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' என்னும் மடல், ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் முறையீடு பெற எளிதில் அணுகத்தக்க அமைப்பு இருக்கவேண்டும் என்கிறது. அருள்பணியாளரும் துறவியரும் தாம் அறிந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. முறையிட்டவரைப் பேசாதிருக்கக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. நாட்டுச் சட்டம் விதிக்கும் கடமைகளும் குறையாமல் நிற்கும் என்கிறது. இவ்வழக்குகளுக்கு இருந்த திருத்தந்தைசார் இரகசியக் காப்பையும் அவர் 2019 டிசம்பரில் நீக்கினார். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவில் கட்டளையிடுகிறது. தன்கீழ் உள்ளவர் செய்ததைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு 21-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆயரில்லமோ அன்பியக் கூட்டமோ விசாரித்துவிட்டுப் பிறகு தெரிவிப்பதா என்று முடிவுசெய்ய அங்கே இடமில்லை.

விதிமுறை ஏட்டில் இருந்தால் போதுமா என்பதே கேள்வி. மாமூவிலும் ஒழுங்குகள் இருந்தன. கடிதம் எழுதும் நேரம்கூட ஒழுங்காகவே இருந்தது. எனவே எந்த விதிமுறையையும் நான் ஒரே கேள்வியால் அளக்க விரும்புகிறேன்: குழந்தையின் கடிதம், குற்றம் சாட்டப்பட்டவரின் கைக்கும் அவருடைய நண்பர்களின் கைக்கும் போகாமல், உரியவரிடம் சேர்கிறதா? முறையீடு பெறும் குழுவில் நிறுவனத்தைச் சாராத பொதுநிலையினர், குறிப்பாகப் பெண்கள், இருக்கிறார்களா? விசாரணை முடியும்வரை அப்பணியாளர் சிறாரிடமிருந்து விலக்கி வைக்கப்படுகிறாரா, அன்றி வேறு பங்குக்கு மாற்றப்படுகிறாரா? மாற்றல் ஆணை என்பது பிரச்சினையை முகவரி மாற்றி அஞ்சல் செய்வது மட்டுமே.

மூன்று தயக்கங்களை நான் அடிக்கடி கேட்கிறேன். பொய்க்குற்றச்சாட்டு வந்தால் நல்ல குருவின் வாழ்வே அழியாதா என்பது முதலாவது. நியாயமான அச்சம்தான். அதற்கு மருந்தும் முறையான விசாரணையே. சூசன்னாவும் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டவளே. அவளைக் காத்ததும் அதே தனித்தனி விசாரணையே. கமுக்கமாக முடிக்கப்பட்ட வழக்கில் குற்றமற்றவருக்கும் விடுதலை இல்லை. ஐயம் சாகும்வரை அவரைத் தொடரும். தீய நோக்கோடு பொய் கூறும் பெரியவருக்குப் போக்சோ சட்டத்திலேயே தண்டனை உண்டு.

பாவசங்கீர்த்தன இரகசியம் என்னாவது என்பது இரண்டாவது. ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரை புனிதமானது. அதை எவரும் உடைக்கச் சொல்லவில்லை. ஆனால் அலுவலக அறையில் தாய் ஒருத்தி அழுதுகொண்டே சொன்னது அருளடையாளம் அன்று. அதையும் 'இரகசியம்' என்று பூட்டி வைப்பது அந்த முத்திரைக்கே இழுக்கு.

மூன்றாவது தயக்கமே நம் மண்ணில் கனமானது. நாம் சிறுபான்மையினர், நம் பள்ளிகளின்மேல் கண்வைத்துக் காத்திருப்போர் உண்டு, நாமே அவர்கள் கையில் கல்லை எடுத்துக் கொடுப்பதா? இக்கேள்வியின் வலி எனக்குத் தெரியும். ஆனால் மாமூவின் சிறுவனுக்குச் சொல்லப்பட்டதும் ஏறத்தாழ இதுவே: நீ பேசினால் பணி கெடும். குழந்தையின் வாயை மூடித்தான் காக்கமுடியும் என்றால் அந்தப் பணி யாருடையது? தம்மிடம் வந்த சிறுபிள்ளைகளைத் தடுக்கவேண்டாம் என்ற ஆண்டவருடையதாக இருக்க முடியாது.

பொதுநிலையினராகிய நாம் செய்யக்கூடியவை பெரியவையல்ல. நம் பிள்ளைகள் தங்கும் விடுதியில் முறையீட்டுக்கு யாரை அணுகவேண்டும் என்று கேட்கலாம். அப்பெயர் சுவரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். 1098 என்ற சிறார் உதவி எண்ணை நம் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருக்கச் செய்யலாம். பங்குப்பேரவையில் இதைப் பேசுவது மேய்ப்பரை அவமதிப்பதன்று என்று முதலில் நாமே நம்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விடுமுறைக்கு வந்த பிள்ளை மீண்டும் விடுதிக்குப் போகமாட்டேன் என்று அழுதால், 'சாமியார் கோபித்துக்கொள்வார்' என்று பெட்டியைக் கட்டுவதற்குமுன், சற்றே அமர்ந்து ஏன் என்று கேட்கலாம்.

அப்படத்தைப் பார்த்த இரவில், என் தாயார் பத்திரமாக வைத்துச் சென்ற பழைய இன்லண்டு கடிதங்களை எடுத்துப் படித்தேன். எல்லாக் கடிதங்களிலும் நான் நலமாகவே இருந்தேன். உண்மையிலேயே நலமாகத்தான் இருந்தேன். ஆனால் என் பக்கத்து மேசையில் அமர்ந்து அதே மூன்று வரிகளை எழுதிய நண்பன் ஒருவன், ஏழாம் வகுப்பின் நடுவில், காரணம் சொல்லாமல் ஊருக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. அவனுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்றார்கள். அதுவே உண்மையாகவும் இருக்கலாம். நாங்கள் யாரும் கேட்கவில்லை.